சில்லு இல்லாத அடாப்டர்

மைக்ரோ எஸ்டி கார்டு வாங்கினால் பெரும்பாலும் கூடவே ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் உறையும் வரும். விரல் நகத்தளவு கார்டை அதற்குள் செருகினால், பழைய கேமராக்கள் ஏற்கும் பெரிய எஸ்டி கார்டாக அது மாறிவிடும். கார்டு கைபேசிக்குள் போன மறுநாள் அந்த உறையை யாரும் நினைப்பதில்லை. பழைய சாவி, பட்டன், மை தீர்ந்த பேனாக்களோடு மேசை இழுப்பறையில் கிடக்கும்.

அப்படிக் கிடந்த ஒன்றை எடுத்து, பிளேடால் ஓரத்தைக் கீறிப் பிளந்து பார்த்தேன். மின்னணு என்று சொல்ல உள்ளே ஒன்றுமே இல்லை. சில்லு இல்லை, மின்தடை இல்லை. மெல்லிய தகட்டுக் கீற்றுகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடுகின்றன, அவ்வளவுதான். மைக்ரோ எஸ்டி பக்கம் எட்டுத் தொடுமுனைகள், எஸ்டி பக்கம் ஒன்பது. கூடுதலாக இருக்கும் அந்த ஒன்றும் இன்னொரு தரைமுனைதான். முதல் தரைமுனையோடு சேர்த்தே அதை அடித்திருக்கிறார்கள். பக்கவாட்டில் இருக்கும் பூட்டு விசையும் வெறும் பிளாஸ்டிக் துண்டு. அதை எப்படித் தள்ளினாலும் கார்டுக்குத் தெரியாது. செருகும் சாக்கெட்டில் உள்ள ஒரு சின்ன சுவிட்ச், விசை மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, எழுதலாமா கூடாதா என்று கருவிக்குச் சொல்கிறது.

இந்த வெற்று உறையைத்தான் பழைய கேம் கன்சோல் ஆர்வலர்கள் எடுத்து, அதன் தொடுமுனைகளில் ஒயர் பற்றவைத்து, நின்டெண்டோ கேம்கியூபின் மெமரி கார்டு துளையோடு இணைக்கிறார்கள். 2001இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த கன்சோல், இருபது ஆண்டு கழித்துச் செய்யப்பட்ட 32 ஜிகாபைட் கார்டைப் படிக்கிறது. இடையில் மொழிபெயர்க்க எந்தச் சில்லும் இல்லை. வெறும் செம்புக் கம்பி. ஒரு கருவியை இன்னொரு கருவியோடு பேசவைக்க எத்தனை பாடு படவேண்டியிருக்கும் என்று அறிந்தவர்களுக்கு இது வியப்பாகத்தான் இருக்கும். எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

கேம்கியூப் வைத்திருந்தவர்களுக்கு 59 என்ற எண் மறக்காது. அதன் முதல் மெமரி கார்டின் பெயரே 'மெமரி கார்டு 59'. பிறகு 251 வந்தது, அதன்பின் 1019. கணினி உலகில் 64, 256, 1024 என்று எண்கள் இரட்டித்து இரட்டித்துப் போவதைத்தான் பார்த்திருக்கிறோம். இவை மட்டும் ஏன் இப்படி? ஒவ்வொன்றோடும் 5 கூட்டிப் பாருங்கள். 64, 256, 1024. அந்தக் கார்டில் உள்ள நினைவகம் 8 கிலோபைட் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. முதல் ஐந்து கட்டங்கள் கன்சோலின் சொந்தக் கணக்குக்கு: ஒன்று கார்டின் தலைப்புக்கு, ஒன்று கோப்புகளின் பட்டியலுக்கு, ஒன்று அந்தப் பட்டியலின் நகலுக்கு, ஒன்று எந்தக் கட்டம் யாருடையது என்ற வரைபடத்துக்கு, ஒன்று அந்த வரைபடத்தின் நகலுக்கு. சேமித்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் ஒரு பிரதி சிதைந்தாலும் மற்றது பிழைக்கும். ஆட்டக்காரருக்கு மிஞ்சியவை 59. ஆக மொத்தம் அந்தக் கார்டின் கொள்ளளவு 512 கிலோபைட். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட அதற்குள் அடங்காது. 32 ஜிகாபைட் கார்டு ஒன்றில் இப்படிப்பட்ட கார்டுகள் அறுபதாயிரத்துக்கு மேல் கொள்ளும்.

இனி துளைக்கு வருவோம். மெமரி கார்டு துளை என்று பெயர் இருந்தாலும், அந்தத் துளைக்கு மெமரி கார்டு பற்றி ஒன்றும் தெரியாது. கேம்கியூப் தன் வெளிக்கருவிகளோடு பேச வைத்திருக்கும் பொதுத்தடம் ஒன்றின் வாசல்தான் அது. வல்லுநர்கள் அதை எக்ஸ்ஐ என்பார்கள். அந்தத் தடத்தில் மூன்று கிளைகள். துளை ஏ, கன்சோலுக்குள் இருக்கும் கடிகாரச் சில்லு, இயந்திரம் விழித்ததும் முதலில் படிக்கும் நிரல், அடிப்பாகத்தில் மோடம் மாட்டும் இடம் எல்லாம் ஒரே கிளையில். துளை பி தனிக் கிளையில். அடியில் மூடி போட்டிருக்கும் இரண்டாவது சீரியல் போர்ட் மூன்றாவது கிளையில்.

ஒவ்வொரு கிளையிலும் பேச்சு நடப்பது நான்கு கம்பிகளில். ஒரு கச்சேரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் தாளம் போடுகிறார். மற்றவர்கள் அந்தத் தட்டுக்குத்தான் எல்லாவற்றையும் பொருத்துகிறார்கள். இங்கே தாளம் போடுவது கன்சோல். முதல் கம்பி தாளத்துக்கு. இரண்டாவதில் கன்சோல் பேசும், மூன்றாவதில் கார்டு பேசும். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பிட் போகிறது, அதே தட்டில் ஒரு பிட் வருகிறது. எட்டுத் தட்டுகளில் ஒரு பைட் கைமாறிவிடும். நான்காவது கம்பி 'உன்னைத்தான் கூப்பிடுகிறேன்' என்று தோளைத் தொடுவது. அது தாழ்ந்திருக்கும் வரைதான் கார்டு காதுகொடுக்கும்.

தட்டு நின்றால் பேச்சும் நின்றுபோகும். கார்டு தானாக வாய் திறக்க முடியாது. அதன் பதில் வேண்டுமென்றால் கன்சோல் பொருளில்லாத பைட்டுகளையாவது அனுப்பித் தாளத்தைத் தொடரவேண்டும். கேட்பதற்கும் பேசியாகவேண்டிய மொழி இது. 1980களில் மோட்டோரோலா நிறுவனம் தன் நுண்கட்டுப்படுத்திகளுக்காக வகுத்த இந்த முறைக்கு எஸ்பிஐ என்று பெயர். எளிமையே அதன் வலிமை. நின்டெண்டோவின் பொறியாளர்கள் தங்கள் தடத்துக்கு வேறு பெயர் வைத்தாலும், கம்பிகளில் ஓடுவது கிட்டத்தட்ட இதே பேச்சுதான்.

எஸ்டி கார்டு 1999இல் அறிவிக்கப்பட்டது. சான்டிஸ்க், தோஷிபா, மாட்சுஷிதா மூன்றும் சேர்ந்து கொண்டுவந்தன. அதன் சொந்த மொழி எஸ்பிஐ அல்ல. நான்கு கம்பிகளில் ஒரே நேரத்தில் தரவை அனுப்பும் வேகமான வேறொரு முறை அதற்கு உண்டு. கேமராக்களும் கணினிகளும் அதில்தான் பேசுகின்றன. ஆனால் அதற்கு முன் வந்த எம்எம்சி கார்டிலிருந்து எஸ்பிஐ முறையையும் அது சேர்த்தே எடுத்துவந்தது. சிறிய, மலிவான நுண்கட்டுப்படுத்தி மட்டும் இருக்கும் கருவிகளும் கார்டைப் பயன்படுத்தட்டும் என்பது நோக்கம். கேம் கன்சோல்களை யாரும் மனத்தில் வைத்திருக்கவில்லை. ஒரு பெரிய வீட்டில் பின்கட்டு வாசல் வைப்பதுபோல் வைத்த ஏற்பாடு. இந்தக் கட்டுரையில் சொல்லும் அத்தனை வேலையும் அந்தப் பின்வாசல் வழியாகத்தான் நடக்கிறது.

அந்த வாசலைத் திறக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மின்சாரம் வந்ததும் கார்டு தன் சொந்த மொழியில்தான் விழிக்கிறது. முதலில் குறைந்தது 74 தட்டுகள் சும்மா தாளம் போடவேண்டும். கார்டுக்குள் இருக்கும் சிறு கணினி நிமிர்ந்து உட்கார அந்த நேரம் தேவை. பிறகு நான்காவது கம்பியைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு ஆறு பைட் அனுப்பவேண்டும். பதினாறடிமானத்தில் எழுதினால் அவை 40 00 00 00 00 95. 'எல்லாவற்றையும் மறந்து முதலிலிருந்து தொடங்கு' என்பது இதன் பொருள். இந்தக் கட்டளை வரும் நேரத்தில் நான்காவது கம்பி தாழ்ந்திருந்தால், 'பேசுபவருக்கு எஸ்பிஐதான் தெரியும் போலிருக்கிறது' என்று கார்டு புரிந்துகொண்டு மொழியை மாற்றிக்கொள்ளும். கடைசியில் இருக்கும் 95 சரிபார்ப்பு எண். முதல் வாக்கியத்தில் பிழை வந்துவிடக்கூடாது என்பதால் அது கட்டாயம். வாக்கியம் என்றும் மாறாததால் அந்த எண்ணும் மாறாது. நிரல் எழுதுபவர் கணக்கிட வேண்டியதில்லை, அப்படியே எழுதிவைத்துவிடலாம். மொழி மாறியபின் ஓரிரு கட்டளைகளைத் தவிர மற்றவற்றுக்குக் கார்டு சரிபார்ப்பு எண்ணைக் கேட்பதே இல்லை.

பதிலாக ஒரே ஒரு பைட் வரும்: 01. 'சும்மா இருக்கிறேன்' என்று அர்த்தம். அதன்பின் 'தயாரா, தயாரா' என்று கன்சோல் திரும்பத் திரும்பக் கேட்கும். 01, 01 என்று சொல்லிக்கொண்டே வந்த கார்டு, ஒரு கட்டத்தில் 00 என்று சொல்லும். இனி 512 பைட் கொண்ட துண்டுகளாக எதை வேண்டுமானாலும் கேட்கலாம்.

மின்னழுத்தமும் இணைந்து வந்தது பெரும் வாய்ப்பு. எஸ்டி கார்டு 2.7 முதல் 3.6 வோல்ட் வரை ஏற்கும். கேம்கியூபின் மெமரி கார்டு துளையில் இருப்பதும் ஏறத்தாழ 3.3 வோல்ட். இந்தப் பொருத்தம் இல்லாத பழைய 5 வோல்ட் இயந்திரங்களில் நடுவே மின்னழுத்தம் மாற்றும் சில்லு இல்லாமல் காரியம் ஆகாது. இது யாரோ கண்டுபிடித்த தந்திரமும் அல்ல. நின்டெண்டோவே 2003இல் ஜப்பானில் மட்டும் கேம்கியூபுக்கு எஸ்டி கார்டு அடாப்டர் ஒன்றை விற்றது. விலங்குகளின் ஊரில் நாம் வாழும் 'தோபுட்சு நோ மோரி ஈ பிளஸ்', 'போகேமான் சேனல்' போன்ற விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்களே அதைப் பயன்படுத்தின. பிறகு ஆர்வலர்கள் அதே யோசனையை எடுத்துக்கொண்டார்கள். 'எஸ்டி கெக்கோ' என்ற பெயரில் அடாப்டர்கள் பரவின. கேம்கியூபின் மையச் செயலியின் பெயர் கெக்கோ. அதை நினைவூட்டும் பெயர்.

செய்வது எப்படி? பழுதான மெமரி கார்டு ஒன்றைத் திறந்து, அதன் பலகையில் உள்ள நினைவகச் சில்லை எடுத்துவிட்டால் துளைக்குப் பொருந்தும் தங்கப்பூச்சு முனைகள் கிடைத்துவிடும். மறுபக்கம் அந்தக் கறுப்பு உறை. நடுவே ஆறு ஒயர்கள் போதும்: தாளம், போவது, வருவது, அழைப்பு, 3.3 வோல்ட், தரை. உறையின் தொடுமுனைகளை லேசாகச் சுரண்டி, ஃபிளக்ஸ் தடவி, முதலில் ஈயம் மட்டும் பூசிக்கொண்டு, பிறகு ஒயரை வைத்து ஓரிரு வினாடிக்குள் சால்டரிங் அயனை எடுத்துவிடவேண்டும். அதற்குமேல் போனால் பிளாஸ்டிக் இளகி, தகடு இடம்பெயர்ந்துவிடும். பற்றவைக்கும்போது உறைக்குள் கார்டு இருக்கக்கூடாது. துளையில் 5 வோல்ட் முனையும் இருக்கிறது. ஒயர் தவறி அங்கே போனால் கார்டு அந்த நொடியே போய்விடும். ஆகவே கன்சோலில் செருகுமுன் மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு முனையும் பக்கத்து முனையோடு ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது, சோம்பல்பட்டு விட்டுவிடக்கூடிய வேலை அல்ல.

நான் செய்த முதல் அடாப்டர் பாதிதான் வேலை செய்தது. கார்டு தெரிந்தது, கோப்புகளின் பெயர்கள் வரிசையாக வந்தன, ஆனால் நகலெடுத்த கோப்பைத் திறந்தால் உள்ளே குப்பை. பற்றவைப்பில்தான் கோளாறு என்று மூன்று முறை பிரித்து மறுபடி ஒட்டினேன். கோளாறு அங்கே இல்லை. உட்கார்ந்து வேலை செய்ய வசதியாக இருக்கட்டும் என்று இருபது சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒயர் விட்டிருந்தேன். அதுதான் கோளாறு.

இதன் காரணம் சிந்திக்கத்தக்கது. கேம்கியூபின் தாளம் உச்ச வேகத்தில் வினாடிக்கு 2.7 கோடி தட்டுகள். ஒரு தட்டுக்கு 37 நானோ வினாடி. மின்குறி ஒயரில் ஒரு நானோ வினாடிக்கு இருபது சென்டிமீட்டர் அளவில் ஓடிவிடுகிறது. அப்படியானால் இருபது சென்டிமீட்டர் ஒயர் என்பது ஒரு நானோ வினாடித் தாமதம்தானே, 37இல் ஒன்று போனால் என்ன என்றுதான் தோன்றும். சிக்கல் தாமதத்தில் இல்லை, எதிரொலியில் இருக்கிறது. குறி தாழ்விலிருந்து உயர்வுக்குத் தாவும் அந்தத் தாவல் ஓரிரு நானோ வினாடியில் முடிந்துவிடும் கூர்மையானது. ஒயரின் கடைசிவரை போய்ப் பொருத்தமில்லாத முனையில் மோதி அது திரும்பி வருகிறது. கிணற்றுக்குள் கத்தினால் குரல் திரும்பி வருவதுபோல. ஒயர் மிகக் குட்டையாக இருந்தால் தாவல் முடிவதற்குள்ளேயே எதிரொலி வந்து அதற்குள் கரைந்துவிடும். நீண்டுவிட்டால், தாவல் முடிந்தபின் அது தனியாக வந்து குதிக்கும். மின்னழுத்தம் மேலே போய், சறுக்கி, மறுபடி மேலே போகும். கார்டின் காதுக்கு அது இரண்டு தட்டாகக் கேட்கிறது. ஒரே ஒரு பொய்த்தட்டு போதும். அதற்குப் பின் வரும் பிட்டுகள் எல்லாம் ஓரிடம் தள்ளிப் பொருந்தி, பொருள் முழுக்க மாறிவிடும். பெயர்ப்பட்டியல் சில நூறு பைட், தப்பித்துவிட்டது. பெரிய கோப்பில் எங்கோ ஓரிடத்தில் தாளம் தவறியது.

தீர்வு மலிவானது. ஒயரை மூன்று சென்டிமீட்டராகக் குறைத்தேன். தாள ஒயரைத் தரை ஒயரோடு முறுக்கி ஓடவிட்டேன். கன்சோல் பக்கம் தாள ஒயரில் 33 ஓம் மின்தடை ஒன்றை இடையில் வைத்தேன். தாவலின் கூர்மையைச் சற்று மழுக்க அது போதும். கார்டின் மின்முனைக்கும் தரைமுனைக்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி. கார்டு எழுதத் தொடங்கும் கணத்தில் திடீரென்று கூடுதல் மின்சாரத்தை உறிஞ்சும். தொலைவில் இருக்கும் கன்சோலிலிருந்து அது வந்துசேரும்வரை பக்கத்திலேயே இருக்கும் இந்தச் சிறு குடம் ஈடுகொடுக்கும். சில்லே இல்லாத கருவி என்று சொன்னேன். ஆனால் மின்காந்தவியல் இல்லாத கருவி எதுவும் இல்லை. இன்று விற்கும் நல்ல அடாப்டர்களின் பலகை ஏன் அவ்வளவு குட்டையாக இருக்கிறது என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

கார்டைச் செருகிவிட்டால் ஆட்டங்கள் அதை மெமரி கார்டாக ஏற்றுக்கொள்ளுமா? ஏற்காது. ஆட்டம் துளையை நோக்கி 'நீ யார்' என்று நின்டெண்டோவின் வழக்கில் கேட்கும். எஸ்டி கார்டுக்கு அந்தக் கேள்வி புரியாது. கம்பிகள் பொதுவானவை, தாளமும் பொதுவானது, சொற்கள் வேறு. ஆகவே இரண்டு மொழியும் தெரிந்த மென்பொருள் ஒன்று கன்சோலுக்குள் ஓடவேண்டும். அதற்கென ஆர்வலர்கள் எழுதி, மூலநிரலோடு இலவசமாகக் கொடுத்திருப்பது 'ஸ்விஸ்'. அது எஸ்டி கார்டில் உள்ள கோப்புகளைப் படிக்கும். நாம் வைத்திருக்கும் வட்டின் நகலைக் கார்டிலிருந்தே ஓடவைக்கும். ஆட்டம் வட்டைக் கேட்கும் இடங்களையும் மெமரி கார்டைக் கேட்கும் இடங்களையும் நினைவகத்திலேயே தேடிப்பிடித்து, கேள்வியை எஸ்டி கார்டின் பக்கம் திருப்பிவிடும்.

வேகத்தில் ஒரு விசித்திரம் உண்டு. கேம்கியூபின் வட்டு, ஓரத்துக்கும் மையத்துக்கும் ஏற்ப வினாடிக்கு 2 முதல் 3.1 மெகாபைட் வரை தரும். 2.7 கோடித் தட்டுகளை எட்டால் வகுத்தால் எஸ்டி வழியின் உச்சம் 3.4 மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. கட்டளை, காத்திருப்பு எல்லாம் போக உண்மையில் கிடைப்பது அதைவிடக் குறைவு. ஆகவே வட்டைவிடக் கார்டு வேகமாக இருக்கும் என்று எதிர்பார்த்தவர்கள், ஆட்டத்தின் நடுவே வரும் திரைப்படக் காட்சிகள் திக்கித் திணறுவதைப் பார்த்து ஏமாறுவார்கள். ஆனால் வட்டில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு லேசர் தாவ சராசரியாக 128 மில்லி வினாடி ஆகிறது. கார்டில் தாவுவதற்கென்று எதுவும் இல்லை. இங்கும் அங்கும் சின்னச் சின்னத் துண்டுகளாகப் படிக்கும் ஆட்டங்கள் அதனாலேயே கார்டில் விறுவிறுப்பாக இருக்கும். குற்றம் கார்டில் இல்லை. வினாடிக்குப் பல பத்து மெகாபைட் தரக்கூடிய அதை, ஒற்றையடிப் பாதையில் நடக்கச் சொல்லியிருக்கிறோம்.

அடியில் உள்ள இரண்டாவது சீரியல் போர்ட்டுக்குப் பலர் மாறியதற்கும் காரணம் உண்டு. எஸ்டி கார்டுக்கு ஒரு கெட்ட பழக்கம்: அழைப்புக் கம்பியை உயர்த்தி 'போதும்' என்று சொன்ன பிறகும், இன்னும் எட்டுத் தட்டு விழும்வரை தன் பேச்சுக் கம்பியைப் பிடித்துக்கொண்டே இருக்கும். தனியாக இருக்கும்போது யாருக்கும் தொல்லையில்லை. துளை ஏ போன்ற கூட்டுக்குடும்பத்தில், அடுத்துப் பேச வேண்டிய கடிகாரச் சில்லின் பேச்சில் இது குறுக்கிடும். மென்பொருள் மறக்காமல் அந்த எட்டுத் தட்டைப் போட்டுவிட்டுத்தான் நகரவேண்டும். சீரியல் போர்ட்டில் இந்தக் கவலை இல்லை, இரண்டு மெமரி கார்டு துளைகளும் மிச்சம். செலவைக் குறைத்து வந்த பிற்கால கேம்கியூபில் அந்தப் போர்ட்டையே எடுத்துவிட்டார்கள் என்பதுதான் வருத்தம்.

சோனியின் பிளேஸ்டேஷனில் கதை இன்னும் நெருக்கமானது. அங்கே ஆட்டக் கைப்பிடியும் மெமரி கார்டும் ஒரே தடத்தில். முதல் பைட்தான் பெயர் சொல்லி அழைப்பது: 01 என்றால் கைப்பிடி, 81 என்றால் மெமரி கார்டு. அடுத்த பைட் கட்டளை. படிக்க 52, எழுத 57. இவை ஏதோ எண்கள் அல்ல; ஆங்கிலத்தில் 'ரீட்', 'ரைட்' என்ற சொற்களின் முதலெழுத்துகளான 'ஆர்', 'டபிள்யூ' ஆகியவற்றின் கணினிக் குறியீடு. 128 பைட் பரிமாறி முடிந்ததும் எல்லாம் நலம் என்றால் கார்டு 47 என்று முடிக்கும். அது 'ஜி', 'குட்' என்பதன் முதலெழுத்து. முப்பது ஆண்டுக்கு முன் அதை வகுத்த பொறியாளரின் கையெழுத்தைப் பார்ப்பதுபோல் இருக்கிறது.

பிளேஸ்டேஷன் 2இன் மெமரி கார்டு துளையிலும் எஸ்டி கார்டை நேராக இணைக்கலாம். எம்எக்ஸ்4எஸ்ஐஓ என்று அந்த அடாப்டருக்குப் பெயர். அங்கே ஒரு வேடிக்கை: பிளேஸ்டேஷன் ஒவ்வொரு பைட்டையும் கடைசிப் பிட்டிலிருந்து தொடங்கி அனுப்பும், எஸ்டி கார்டோ முதல் பிட்டிலிருந்து. 'விகடகவி' என்று எழுதினால் எப்படிப் படித்தாலும் ஒன்றுதான், ஆனால் எல்லாப் பைட்டும் விகடகவியாக இருப்பதில்லை. ஆகவே கன்சோலில் ஓடும் மென்பொருள், போகும் பைட் வரும் பைட் அனைத்தையும் கண்ணாடியில் காட்டுவதுபோல் திருப்புகிறது. 256 பைட்டுகளுக்கும் அவற்றின் திருப்பிய வடிவத்தை முன்கூட்டியே அட்டவணையாக எழுதிவைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து மாற்றுகிறார்கள். கம்பியில் செய்ய முடியாததை நிரலில் செய்த அழகான இடம் இது.

நேர்மாறான வழியும் இருக்கிறது. கன்சோலின் மென்பொருளைத் தொடாமல், மெமரி கார்டாகவே நடிக்கும் கருவியைச் செய்வது. 2021இல் நான்கு டாலருக்கு வந்த ராஸ்பெரி பை பிக்கோ இதைச் சாத்தியமாக்கியது. முதல் பிளேஸ்டேஷனின் மெமரி கார்டு முழுதும் 128 கிலோபைட்தான். பிக்கோவின் உள்நினைவகம் 264 கிலோபைட். முழுக் கார்டையும் தலைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, வினாடிக்கு இரண்டரை லட்சம் தட்டு என்ற நிதானத் தாளத்தில் கேள்வி வரும்போதெல்லாம் தாமதமின்றிப் பதில் சொல்ல அதனால் முடியும். ஆட்டத்துக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் இதில் சில்லு வந்துவிட்டது. என் மனம் அந்த வெற்று உறையிடமே போகிறது.

எஸ்டி கார்டின் அளவு குறித்து ஒரு சொல். பழைய மென்பொருள் 2 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கார்டை ஏற்காது. ஆரம்ப கால எஸ்டி கார்டில் முகவரி என்பது பைட் எண். 2006இல் வந்த எஸ்டிஎச்சி வகையில் அது 512 பைட் துண்டின் எண். அதே 32 பிட் முகவரி, 512 மடங்கு பெரிய நிலத்தைக் காட்டியது. கதவு எண்ணுக்குப் பதிலாகத் தெரு எண் சொல்லத் தொடங்கினார்கள். புதிய வழக்கம் தெரியாத மென்பொருள் தவறான தெருவில் போய்க் கதவைத் தட்டும். 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட எஸ்டியூசி வகையில் எஸ்பிஐ முறையே இல்லை. அந்தப் பின்வாசலை அங்கே சுவர் வைத்து மூடிவிட்டார்கள்.

இவ்வளவு பாடு எதற்கு? அந்தப் பழைய கார்டுகள் சாகத் தொடங்கியிருக்கின்றன. ஃபிளாஷ் நினைவகத்தில் ஒரு பிட் என்பது, மின்காப்புச் சுவருக்குள் சிறைவைத்த சில எலக்ட்ரான்கள். சுவர் முழுதாக அடைபட்டதல்ல. ஆண்டுக்கணக்கில் அவை கசிகின்றன. நின்டெண்டோ 64இன் கன்ட்ரோலர் பேக் இன்னும் பாவம்: 32 கிலோபைட் நினைவகத்தை ஒரு சின்ன வட்ட பேட்டரி தாங்கிக்கொண்டிருக்கிறது, பேட்டரி தீர்ந்தால் எல்லாம் போயிற்று. அதற்கு எஸ்டி கார்டு பொருந்தாது. பழைய சில்லை எடுத்துவிட்டு எஃப்ரேம் சில்லை அங்கே பற்றவைப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் பிட் என்பது ஒரு படிகத்துக்குள் அணுக்கள் இப்புறமா அப்புறமா சாய்ந்திருக்கின்றன என்பது, பேட்டரி வேண்டாம்.

கேம்கியூபில் காப்பாற்றும் வேலை எளிது. துளை ஏயில் பழைய கார்டு, துளை பியில் உறை அடாப்டர். இரண்டுக்கும் நடுவே நகலெடுக்கும் மென்பொருள். 64 கட்டங்களும் ஒவ்வொன்றாக எண்ணப்பட்டு நகர்ந்து, 512 கிலோபைட் கோப்பாக எஸ்டி கார்டில் போய் உட்கார்ந்துவிடும். பழைய பொருளாக ஜப்பானிலிருந்து வந்த ஒரு 59 கார்டை நான் அப்படி நகலெடுத்துக் கணினியில் திறந்தேன். இரண்டாவது கட்டத்தில் கோப்புப் பட்டியல். ஒவ்வொரு கோப்புக்கும் கடைசியாகச் சேமித்த நேரத்தைக் கேம்கியூப், 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி நள்ளிரவிலிருந்து கழிந்த வினாடிகளாக எழுதிவைக்கும். அந்தக் கார்டில் இருந்த கடைசி எண் 12,62,26,017. வகுத்துப் பார்த்தேன். 1460 நாள், 22 மணி, 46 நிமிடம், 57 வினாடி. அந்த வீட்டுக் கன்சோலின் கடிகாரம் சரியாக இருந்திருந்தால், 2003 டிசம்பர் 31 இரவு பத்தே முக்கால். புத்தாண்டு பிறக்க இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது; யாரோ ஒருவர் சேமித்துவிட்டு எழுந்திருக்கிறார்.